கர்னல் அப்டேட்டுக்குப் பின் ப்ளூடூத் ஹெட்செட் இணையவில்லை: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

என் தங்கை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். காலை ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் மாலை ஆறுக்குத்தான் கழற்றுவாள். அவளுடைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தது நான். ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவளிடமிருந்து போன். "அண்ணா, ராத்திரி அப்டேட் போட்டேன். இப்போ ஹெட்செட் கனெக்ட்டே ஆக மாட்டேங்குது. ஒன்பதுக்கு மீட்டிங் இருக்கு."

அந்த அரை மணி நேரத்தில் நான் செய்யச் சொன்ன முதல் காரியமே தவறு. பழைய பேரிங்கை, அதாவது கணினியும் ஹெட்செட்டும் ஒன்றையொன்று நினைவில் வைத்திருக்கும் இணைப்பை, அழித்துவிட்டுப் புதிதாக இணைத்துப் பார் என்றேன். அழிந்தது, புதிதாக இணையவில்லை. பிறகு பழைய கர்னலில் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, வன்பொருளை இயக்குவது அதுதான்) பூட் செய்தபோது ப்ளூடூத் உயிர்பெற்றது. ஆனால் பேரிங் இல்லாததால் ஹெட்செட்டை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குள் மணி ஒன்பது தாண்டிவிட்டது. அன்றைய மீட்டிங்கை அவள் போனிலேயே முடித்தாள்.

அதன் பிறகு இதே சிக்கலைப் பல கணினிகளில் பார்த்துவிட்டேன். இணையத்தில் தேடினால் கட்டளைகள் குவியலாகக் கிடைக்கின்றன. இதைப் போட்டுப் பார், அது ஆகவில்லையா, இதைப் போட்டுப் பார் என்று போய்க்கொண்டே இருக்கும். நமக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது ஒரு முடிவு. பழைய கர்னலுக்குத் திரும்புவதா, நீண்டகால ஆதரவுக் கர்னலுக்கு மாறுவதா, இன்னும் புதியதை நோக்கிப் போவதா, ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் ஓடும் சிறு மென்பொருள்) கை வைப்பதா, தனி டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன ப்ளூடூத் கட்டை) வாங்கிவிடுவதா? என் அனுபவத்தில் இதை இரண்டே கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. பழுது எந்த அடுக்கில் இருக்கிறது? உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது?

முதலில் பழுது எங்கே என்று பார்ப்போம்

லினக்ஸில் ப்ளூடூத் ஒலி மூன்று அடுக்குகளைத் தாண்டித்தான் உங்கள் காதுக்கு வருகிறது. அடியில் கர்னல், அதற்குள் ப்ளூடூத் சிப்பை இயக்கும் பிடியூஎஸ்பி என்ற டிரைவர் இருக்கிறது. சிப் விழிக்கும்போது அதற்கான ஃபர்ம்வேர் கோப்பை ஊட்டுவதும் இந்த அடுக்கின் வேலைதான். நடுவில் ப்ளூஇசட். கருவிகளைக் கண்டுபிடிப்பது, பேரிங் சாவிகளைச் சேமித்து வைப்பது எல்லாம் அது. மேலே ஒலிச் சேவையகம். முன்பு பல்ஸ்ஆடியோ, 2021இல் ஃபெடோரா 34 வந்ததிலிருந்து லினக்ஸ் விநியோகங்கள் (உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகள்) ஒவ்வொன்றாக பைப்ஒயருக்கு மாறிவிட்டன. அதோடு ஒயர்பிளம்பர் என்ற நிர்வாகியும் சேர்ந்து ஓடுகிறது.

கர்னல் அப்டேட் தனியாக வருவது அரிது. அதே இரவில் ப்ளூஇசட்டும் ஒயர்பிளம்பரும் ஃபர்ம்வேர் தொகுப்பும் மாறியிருக்கலாம். கண்ணில் படுவது கர்னல் எண் மட்டும் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. ஆகவே முதலில் உங்கள் விநியோகத்தின் தொகுப்பு நிர்வாகி வைத்திருக்கும் பதிவை (உபுண்டுவில் ஆப்ட்டின் வரலாற்றுப் பதிவு, ஃபெடோராவில் டிஎன்எஃப் ஹிஸ்டரி, ஆர்ச்சில் பேக்மேன் பதிவு) திறந்து அன்றைக்கு என்னென்ன மாறின என்று படியுங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது, பழைய கர்னலில் ஒருமுறை பூட் செய்து பார்ப்பது. கணினி எழும்போது எஸ்கேப் விசையையோ, பழைய பயாஸ் இயந்திரங்களில் ஷிஃப்டையோ பிடித்தால் எந்தக் கர்னலில் எழுவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே முந்தைய கர்னல் இருக்கும். உபுண்டு முந்தைய கர்னல் ஒன்றையாவது வைத்திருக்கும், ஃபெடோரா வழக்கமாக மூன்று வைத்திருக்கும். ஆர்ச் எதையும் வைத்திருப்பதில்லை. ஆர்ச் பயன்படுத்துபவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லையும் உண்டு. அப்டேட் முடிந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றப்படும் டிரைவர் கோப்புகள்) வட்டிலிருந்து நீங்கிவிடும். மறுதொடக்கம் செய்யாமல் டாங்கிளைச் செருகினால் டிரைவர் கிடைக்காமல் விழிக்கும். அதற்கு மருந்து ரீபூட் மட்டும்தான்.

பழைய கர்னலில் எல்லாம் சரியாக ஓடினால் பழுது கர்னலில் என்று கிட்டத்தட்ட உறுதி. பழையதிலும் ஓடவில்லை என்றால்? உடனே கர்னல் மேல் தவறில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கர்னல் பின்னால் போனாலும் ஃபர்ம்வேர் தொகுப்பு புதியதாகவேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் மாறியிருந்தால், பழைய கர்னல் புதிய ஃபர்ம்வேரோடு திணறக்கூடும். நான் இரண்டு முறை இங்கே ஏமாந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சிப் ஏற்கெனவே குழம்பிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். ரீபூட் செய்யும்போது பல மடிக்கணினிகளில் உள்ளிருக்கும் ப்ளூடூத் சிப்புக்கு மின்சாரம் அறுவதில்லை. முழுக்க அணைத்து, சார்ஜரையும் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்து, அப்புறம் துவக்குங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுவதும் நல்லது. வேறு எதுவும் செய்யாமல் இது ஒன்றிலேயே சரியான கணினிகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வேறு எந்த வழியை எடைபோடுவதற்கு முன்பும் இதைச் செய்துவிடுங்கள்.

இனி பிழைச் செய்தி. ப்ளூடூத்சிடிஎல் என்ற முனையக் கட்டளையைத் திறந்ததும் இயல்புநிலை கன்ட்ரோலர் (கணினியின் ப்ளூடூத் சிப்) எதுவும் இல்லை என்று சொன்னால் அடி அடுக்கில் சிக்கல். கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் வரிக்குப் பக்கத்தில் -2 என்று இருந்தால் கோப்பே கிடைக்கவில்லை என்று பொருள். -110 என்றால் சிப் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. கன்ட்ரோலர் இருக்கிறது, ஹெட்செட்டும் தெரிகிறது, இணைக்கப் போனால் "ப்ரோட்டோகால் நாட் அவைலபிள்" என்று வருகிறதா? கர்னலைத் தொடவே வேண்டாம். ஒலிச் சேவையகம் ப்ளூடூத்தைக் கையில் எடுக்கவில்லை. பைப்ஒயரின் ப்ளூடூத் செருகி நிறுவப்படாமலோ, அப்டேட்டில் நீங்கியோ இருக்கும். பேஜ் டைம்அவுட் என்று வந்தால் கணினி கூப்பிட்டதற்கு ஹெட்செட் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் அது பக்கத்தில் இருக்கும் போனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒயர்பிளம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் வந்த 0.5 பதிப்பு, லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய அமைப்புக் கோப்புகளைக் கைவிட்டுவிட்டது. கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) தேர்வுக்காகவோ மைக்குக்காகவோ நீங்களே முன்பு எழுதி வைத்த லுவா கோப்பு இருந்தால், பதிப்பு மாறிய பிறகு அதை அது கவனிக்காது. ஹெட்செட் இணையும், ஒலி மட்டும் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மந்தமாக இருக்கும். இதைக் கர்னல் பழுது என்று நினைத்துப் பத்து நாள் பழைய கர்னலில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

உபுண்டு வகையில் இன்னொன்று. கர்னலோடு வரவேண்டிய கூடுதல் மாட்யூல் தொகுப்பு இறங்காமல் போனால் ப்ளூடூத், வைஃபை, ஒலி எல்லாம் ஒருசேரக் காணாமல் போகும். மூன்றும் சேர்ந்து போயிருந்தால் அந்தத் தொகுப்பை நிறுவினால் போதும்.

பழைய கர்னலிலேயே இருந்துவிடுவது

பெரும்பாலானவர்கள் எடுக்கும் வழி இது. செலவு இல்லை, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு மீட்டிங் இருப்பவருக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

செய்யும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். க்ரப்பில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த முறை புதியதுதான் மீண்டும் எழும். கடைசியாகத் தேர்ந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும்படி க்ரப் அமைப்பை மாற்றிவிடுங்கள். உபுண்டு, டெபியன் வகையில் கர்னலை ஹோல்டில் போடும்போது (அதாவது அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைக்கும்போது), எண் போட்ட தொகுப்பை மட்டும் நிறுத்தினால் பலனில்லை. புதிய கர்னலை இழுத்து வருவது கர்னல் பதிப்பு எண் இல்லாத பொதுத் தொகுப்பு (உபுண்டுவில் லினக்ஸ்-ஜெனரிக், டெபியனில் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 போன்றவை). அதைத்தான் நிறுத்த வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பழைய கர்னலை, தானாக நீக்கும் கட்டளை துடைத்துவிடாதபடி கைமுறையாக நிறுவியதாகவும் குறித்துவையுங்கள்.

இப்போது இதன் விலை. நிறைய பேர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய கர்னலில் நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். அந்தத் திருத்தங்களில் ஒரு பகுதி ப்ளூடூத் குறிமுறைக்கே உரியது. 2017இல் ப்ளூபோர்ன் என்ற பெயரில் வெளிவந்த பலவீனங்களில் ஒன்று லினக்ஸ் கர்னலின் ப்ளூடூத் பகுதியில் இருந்தது. 2020 அக்டோபரில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் ஆண்டி நுயென் ப்ளீடிங்டூத் என்ற தொகுப்பை வெளியிட்டார். ப்ளூடூத் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவர், நீங்கள் எதையும் கிளிக் செய்யாமலேயே உங்கள் கர்னலுக்குள் நுழைய வழி இருந்தது. ப்ளூடூத் ஓடவேண்டும் என்பதற்காகப் பழைய கர்னலைப் பிடித்துக்கொண்டிருப்பவர், அந்த ப்ளூடூத்தின் ஓட்டைகளைத்தான் திறந்து வைத்திருக்கிறார். ரயிலிலும் காபிக் கடையிலும் மடிக்கணினியைத் திறப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே என் கணக்கு இது: இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். ஹோல்ட் போடும் அன்றைக்கே போனில் ஒரு நினைவூட்டலும் போட்டுவிடுங்கள். போடாதவர்கள் ஒரு வருடம் கழித்தும் அதே கர்னலில் இருக்கிறார்கள், ஹோல்ட் போட்டதையே மறந்து.

நீண்டகால ஆதரவுக் கர்னலுக்கு மாறுவது

பின்வாங்க வேண்டும், ஆனால் திருத்தங்களும் வேண்டும் என்றால் இதுதான் சரியான இடம். 5.15, 6.1, 6.6, 6.12 ஆகியவை கர்னல் குழு நீண்டகாலம் பராமரிக்கத் தேர்ந்தெடுத்த வரிசைகள். ஆர்ச்சில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தனித் தொகுப்பே இருக்கிறது. வழக்கமான கர்னலோடு சேர்த்தே நிறுவிக்கொள்ளலாம். உபுண்டு எல்டிஎஸ் பதிப்புகளில் இரண்டு பாதைகள் உண்டு. 24.04 முதலில் வந்தது 6.8 கர்னலோடு. டெஸ்க்டாப்பில் நிறுவியவர்களுக்கு புதிய வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ என்ற பாதை வழியே 6.11, 6.14 என்று மேலே ஏறிக்கொண்டே போகும். ஏற விரும்பாதவர்கள் ஜெனரிக் பாதையில் 6.8இலேயே நின்று, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து பெறலாம். எச்டபிள்யூஇ ஏற்றத்தில் ப்ளூடூத் கெட்டவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த மாற்றத்தைத்தான்.

எல்டிஎஸ் என்றால் பழுதே வராது என்று நினைக்க வேண்டாம். புதிய கர்னலில் செய்யப்பட்ட திருத்தங்கள் பழைய வரிசைகளுக்கும் கொண்டுவரப்படுகின்றன. அவற்றோடு சில நேரம் பழுதும் சேர்ந்து வரும். முக்கியமாக, குறியாக்கச் சாவியின் நீளத்தைச் சரிபார்ப்பது போன்ற பாதுகாப்பு மாற்றங்கள் எல்லா வரிசைக்கும் போகும். அப்படியொரு மாற்றத்தில் உங்கள் பழைய ஹெட்செட் தடுமாறினால் எல்டிஎஸ் காப்பாற்றாது. ஆனால் டிரைவரைத் திருப்பிப்போட்டு எழுதும் பெரிய மாற்றங்கள் அங்கே வராது. என் பார்வையில் எல்டிஎஸ்ஸின் பலம் அதுதான்.

எல்லாருக்கும் இது திறந்திருக்கும் பாதையும் இல்லை. கணினி மிகப் புதியதாக இருந்தால் பழைய வரிசையில் உங்கள் சிப்புக்கு டிரைவரே இருக்காது. மீடியாடெக் எம்டி7925க்கான வைஃபை டிரைவர் 6.7இல்தான் வந்தது. அந்தக் கார்டு உள்ள மடிக்கணினியில் 6.6க்கு இறங்கினால், ப்ளூடூத்தைத் தேடிப் போய் வைஃபையையும் இழப்பீர்கள். எல்எஸ்யூஎஸ்பி, எல்எஸ்பிசிஐ கட்டளைகளில் உங்கள் கார்டு எது என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

முன்னால் போவது

பழுது புதிதாக வந்தது என்றால் திருத்தமும் புதியதில்தான் வரும். நிலையான கர்னல் வரிசைக்கு ஏறக்குறைய வாரம் ஒரு திருத்தப் பதிப்பு வருகிறது. உங்கள் விநியோகம் கொடுத்த பதிப்பில் இருக்கும் பழுது, மூன்று பதிப்பு தள்ளி ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். ஆர்ச்சிலோ ஃபெடோராவிலோ இருப்பவர்கள் பொறுத்திருந்தாலே அது தானாக வந்து சேரும். ஃபெடோராவில் சோதனைக் களஞ்சியத்திலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவும் முடியும்.

உபுண்டுவில் மெயின்லைன் கட்டுமானங்கள் (விநியோகத்தின் மாற்றங்கள் சேராத மூலக் கர்னல்) கிடைக்கின்றன. அவை கையொப்பமிடப்படாதவை, அதனால் செக்யூர் பூட் இயங்கும் கணினி அவற்றை ஏற்றாது. உபுண்டுவின் பாதுகாப்புக் குழு கவனிக்கும் கர்னலும் அது இல்லை. நான் இதைச் சோதிக்க மட்டுமே பயன்படுத்துகிறேன்: புதியதில் பழுது இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்க. போயிருந்தால் நிம்மதியாகக் காத்திருக்கலாம். இன்னும் இருந்தால் புகார் எழுத உட்கார வேண்டும். தனியுரிமை வரைகலை டிரைவர் போன்று வெளியிலிருந்து கட்டப்படும் மாட்யூல்கள் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருங்கள். புத்தம் புதிய கர்னலில் அவை கட்டப்படாமல் போனால் ப்ளூடூத் வந்திருக்கும், திரை போயிருக்கும்.

ஃபர்ம்வேர்: பதிவில் -2 இருந்தால் இதுவே முதல்

புதிய கர்னல் சில நேரம் புதிய பெயருள்ள ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். தொகுப்பு பழையதாக இருந்தால் கோப்பு இருக்காது, -2 வரும். இது எல்லாவற்றிலும் எளிதாகத் தீரும் பழுது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பியுங்கள். அதிலும் வரவில்லை என்றால் அதன் மூலக் களஞ்சியத்திலிருந்து பதிவில் கேட்கப்பட்ட அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து உரிய அடைவில் வையுங்கள். பிறகு முழுதாக அணைத்துத் துவக்குங்கள்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, கர்னல் மட்டும் இல்லை என்கிறதா? அதன் முடிவைப் பாருங்கள். இப்போது பல விநியோகங்கள் ஃபர்ம்வேரைச் சுருக்கி வைக்கின்றன. எக்ஸ்இசட் முறையில் சுருக்கியதைக் கர்னல் 5.3 முதலும், இசட்எஸ்டிடி முறையில் சுருக்கியதை 5.19 முதலும்தான் படிக்க முடியும், அதுவும் அந்த வசதியோடு கட்டப்பட்டிருந்தால். தாங்களே கர்னல் கட்டிக்கொள்பவர்கள் இங்கே அடிக்கடி இடறுகிறார்கள்.

பதிவில் -110 இருந்து, முழுதாக அணைத்தும் போகவில்லை என்றால், புதிய ஃபர்ம்வேரே குற்றவாளியாக இருக்கலாம். கர்னலை அப்படியே விட்டுவிட்டு ஃபர்ம்வேர் தொகுப்பை மட்டும் முந்தைய பதிப்புக்கு இறக்கிப் பாருங்கள். கர்னலைப் பின்னிழுப்பதைவிட இதில் இழப்பு குறைவு.

இணைகிறது, ஆனால் சில நிமிடம் சும்மா இருந்தால் அறுந்துவிடுகிறது, மறுபடி சேர மறுக்கிறது என்பவர்கள் பிடியூஎஸ்பியின் தானுறக்க அமைப்பை அணைத்துப் பார்க்கலாம். மாட்யூல் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரிதான். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் கரையும். வேறு பாதிப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

காசு கொடுத்துத் தீர்ப்பது

சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் கிடைக்கிறது. உள்ளிருக்கும் சிப்பின் டிரைவரில் மட்டும் பழுது என்றால் இது நல்ல வழி. வாங்கும்போது ரியல்டெக் சிப் உள்ளதா என்று பாருங்கள். மிகக் குறைந்த விலையில் சிஎஸ்ஆர் நிறுவனத்தின் சிப் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் போலிகள் ஏராளம். எவ்வளவு ஏராளம் என்றால், போலி சிஎஸ்ஆர் சிப்பை அடையாளம் கண்டு அதன் குறைகளைச் சமாளிக்க கர்னலுக்குள்ளேயே தனிக் குறிமுறை எழுத வேண்டியிருந்தது. கர்னல் பழுதுக்குத் தீர்வு தேடிப் போய் அப்படியொன்றை வாங்கினால், அடுத்த அப்டேட்டில் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

டாங்கிள் செருகியதும் உள்ளிருக்கும் ப்ளூடூத்தைப் பயாஸிலோ, லினக்ஸில் கருவிகளைக் கையாளும் யூடெவ்வின் விதியிலோ அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் எந்தக் கருவி எதில் சேர்ந்திருக்கிறது என்று குழப்பம்தான் மிஞ்சும். பேரிங் ஒவ்வொரு அடாப்டருக்கும் தனித்தனி. யூஎஸ்பி 3 வன்தட்டுக்குப் பக்கத்துத் துளையில் டாங்கிளைச் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் கெடுக்கிறது என்பதை இன்டெல் 2012இலேயே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு அடி நீட்டிப்புக் கம்பி போதும்.

டாங்கிளுக்கு ஓர் எல்லை உண்டு. அதுவும் அதே கர்னலின் அதே ப்ளூடூத் அடுக்கில்தான் ஓடுகிறது. பழுது டிரைவருக்கு மேலே, எல்லா சிப்புக்கும் பொதுவான பகுதியில் இருந்தால் டாங்கிளும் அதே போல் விழும். இதைக் காசு கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. நண்பரிடம் வேறு சிப் உள்ள டாங்கிள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு வாங்கிச் செருகிப் பாருங்கள்.

டாங்கிளைப் போலவே இருக்கும், ஆனால் முற்றிலும் வேறான கருவி ஒன்று உண்டு: யூஎஸ்பி ஒலி டிரான்ஸ்மிட்டர். கிரியேட்டிவ், சென்ஹைசர் போன்றவர்கள் விற்கிறார்கள். கணினிக்கு இது வெறும் யூஎஸ்பி சவுண்ட் கார்டாகத்தான் தெரியும். ப்ளூடூத், பேரிங், கோடெக் எல்லாம் அந்தச் சின்னக் கட்டைக்குள்ளேயே நடந்துவிடும். பிடியூஎஸ்பி, ப்ளூஇசட் இரண்டும் இந்தப் பாதையில் இல்லை. ஆகவே கர்னல் அப்டேட் ப்ளூடூத்தை எவ்வளவு உடைத்தாலும் இது அசையாது. விலை சில ஆயிரம். மைக்கும் வேலை செய்யும் மாடலா என்று பார்த்து வாங்க வேண்டும். விசைப்பலகை, மவுஸ் எதையும் இதில் சேர்க்க முடியாது. ஹெட்செட்டை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்களுக்கு இதுவே நீண்டகாலத் தீர்வு என்பது என் உறுதியான கருத்து. அந்தச் செலவு முடியாதென்றால் நூற்றைம்பது, இருநூறு ரூபாய் கம்பி ஹெட்செட் ஒன்றை மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். திங்கட்கிழமை காலையில் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

புகார் எழுதுவது

மேலே சொன்னவை எல்லாம் உங்கள் கணினிக்கு மட்டும். பழுது உண்மையில் தீர வேண்டுமானால் யாரோ ஒருவர் அதைச் சொல்ல வேண்டும். உங்களிடம் இருக்கும் அதே சிப், அதே மாடல், கர்னலை எழுதுபவர்களின் மேசையில் இல்லாமல் இருக்கலாம்.

முன்பு ஓடியது புதிய கர்னலில் ஓடாமல் போகக்கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெகுகாலமாகக் கறாராகப் பிடித்து வரும் விதி. இத்தகைய பின்னடைவுகளைக் கண்காணிக்கவே தோர்ஸ்டன் லீம்ஹூயிஸ் ரெக்ஸ்பாட் என்ற கருவியை நடத்துகிறார். அதனால் எந்தப் பதிப்பில் ஓடியது, எந்தப் பதிப்பில் நின்றது என்று தெளிவாகச் சொல்லும் புகாருக்குத் தனி மரியாதை உண்டு. "அப்டேட்டுக்குப் பிறகு ப்ளூடூத் போச்சு" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே பதின்மூன்று, பதினான்காயிரம் மாற்றங்கள் இருக்கும். கிட் பைசெக்ட் முறையில் ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தால் சுமார் பதினான்கு படிகளில் குற்றவாளியான ஒரே மாற்றத்தைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் கர்னலைக் கட்டி, பூட் செய்து, ஹெட்செட்டை இணைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண மடிக்கணினியில் ஒரு வார இறுதி முழுக்கப் போய்விடும். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் ஆயத்தமாகக் கிடைக்கும் கர்னல் தொகுப்புகளை வைத்தே பாதி வேலையைச் செய்யலாம். 6.8.5 ஓடுகிறது, 6.8.9 ஓடவில்லை என்றால் 6.8.7ஐ நிறுவிப் பாருங்கள். இரண்டு மூன்று ரீபூட்டில் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையே கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அங்கிருந்து மாற்றங்களின் பட்டியலில் ப்ளூடூத் என்று தொடங்கும் வரிகள் பெரும்பாலும் சிலவே இருக்கும்.

எல்எஸ்யூஎஸ்பியில் வரும் சிப்பின் அடையாள எண், நல்ல கர்னலின் பதிவு, கெட்ட கர்னலின் பதிவு இவை மூன்றும் கட்டாயம். பிடிமான் என்ற கருவியில் எடுத்த ப்ளூடூத் உரையாடல் பதிவையும் கேட்பார்கள். அதைப் பொதுவில் போடும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதில் உங்கள் கருவிகளின் முகவரிகள் இருக்கும், பேரிங் சாவியும் சிக்கியிருக்கலாம். அனுப்பிய பிறகு ஹெட்செட்டை ஒருமுறை அழித்து மறுபடி சேர்த்துவிடுங்கள். பேரிங்கை அழிப்பதற்குச் சரியான தருணம் அதுதான்.

தங்கையின் கணினியில் -110 வந்தது. முழுக்க அணைத்துப் பார்த்தோம், ஃபர்ம்வேரை இறக்கிப் பார்த்தோம், போகவில்லை. பழைய கர்னலில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு எல்டிஎஸ் வரிசைக்கு மாற்றினேன். புகாரும் எழுதினேன், அதே சிப் வைத்திருந்த இன்னொருவர் எனக்கு முன்பே எழுதியிருந்தார். என் பதிவுகளை அதோடு சேர்த்துவிட்டேன். திருத்தம் மூன்று பதிப்புகள் கழித்து வந்தது. இப்போது அவளுடைய கணினியில் எப்போதும் இரண்டு கர்னல்கள் இருக்கும், க்ரப் மெனு ஐந்து வினாடி திரையில் நிற்கும். போன மாதம் மறுபடி ஒரு அப்டேட்டில் ஹெட்செட் நின்றது. காலையில் எனக்குப் போன் வரவில்லை. அவளே மெனுவில் மற்றதைத் தேர்ந்து வேலையைப் பார்த்துவிட்டு, மாலை ஆறரைக்கு இரண்டு பதிவுக் கோப்புகளை அனுப்பியிருந்தாள். ஒன்றின் பெயர் "ஓடியது", இன்னொன்றின் பெயர் "ஓடாதது".